லண்டன்–நியூயார்க்: 5,540 கிலோமீட்டரா, 5,555-ஆ? ஏழு மணி நேரமா, எட்டா?

"லண்டன் ஹீத்ரோவிலிருந்து நியூயார்க் ஜே.எஃப்.கே. வரை எவ்வளவு தூரம் என்று தேடினேன். ஓரிடத்தில் 5,540 கி.மீ., ஆறே முக்கால் மணி நேரம் என்று போட்டிருக்கிறது. இன்னோரிடத்தில் 5,555 கி.மீ. டிக்கெட்டைப் பார்த்தால் போகும்போது எட்டு மணி நேரம், திரும்பும்போது ஏழு. எது சரி? வேறு இரண்டு விமான நிலையங்களுக்கு நானே கணக்குப் போட வழி உண்டா?" இதுதான் கேள்வி.

எல்லாமே சரி. ஒவ்வொரு எண்ணும் வேறு ஒரு கேள்விக்கான பதில், அவ்வளவுதான். தூரத்தில் உள்ள வித்தியாசம் சின்ன விஷயம். நேரம்தான் ஆளைக் குழப்பும். ஆனாலும் தூரத்திலிருந்து தொடங்கினால்தான் நேரம் புரியும்.

ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் அகலாங்கும் நெட்டாங்கும் குறித்த ஒரு குறிப்புப் புள்ளி உண்டு. பெரும்பாலும் ஓடுபாதைகளுக்கு நடுவாக்கில் இருக்கும். இரண்டு புள்ளிகளுக்கு இடையே பூமிப் பரப்பின் மேல் மிகக் குறுகிய பாதை எதுவோ, அதன் நீளத்தைத்தான் 'தூரம்' என்று தருகிறார்கள். அதற்குப் பெருவட்டப் பாதை என்று பெயர். ஒரு பூகோள உருண்டையில் இரண்டு ஊர்களுக்கு இடையே நூலை இறுக்கிப் பிடித்தால் நூல் எந்த வழியாகப் போகிறதோ, அதுதான் பெருவட்டம்.

அந்த நூல் தட்டையான வரைபடத்தில் நேர்கோடாக வராது. 1569-இல் மெர்கேட்டர் வரைந்த முறையில் இன்றும் பல வரைபடங்கள் இருக்கின்றன. துருவத்தை நெருங்க நெருங்க அதில் நிலம் ஊதிப் பெருக்கும். கிரீன்லாந்து ஆப்பிரிக்கா அளவுக்குத் தெரியும், ஆனால் ஆப்பிரிக்கா அதைப்போல் சுமார் பதினான்கு மடங்கு. அதனால்தான் விமானம் வடக்கே வளைந்து வீணாகச் சுற்றிப் போவதுபோல் இருக்கையின் திரையில் தெரிகிறது. ஒரு எளிய உதாரணம்: 60 டிகிரி வடக்கில், பூமியின் எதிரெதிர் பக்கங்களில் இரண்டு இடங்களை எடுத்துக்கொள்ளுங்கள். அதே அகலாங்கை ஒட்டி 'நேராக' மேற்கே போனால் சுமார் 10,000 கி.மீ. வடதுருவத்தின் மேலே ஏறி இறங்கினால் 6,670 கி.மீ.தான். வளைவாகத் தெரிவதுதான் நேர்வழி.

சரி, கணக்கு. ஹீத்ரோ ஏறத்தாழ 51.47 டிகிரி வடக்கு, 0.45 டிகிரி மேற்கு. ஜே.எஃப்.கே. 40.64 வடக்கு, 73.78 மேற்கு. இரண்டு அகலாங்குகளின் சைன் மதிப்புகளைப் பெருக்குங்கள்: 0.5095. அவற்றின் கொசைன் மதிப்புகளையும், நெட்டாங்கு வித்தியாசமான 73.33 டிகிரியின் கொசைன் மதிப்பையும் பெருக்குங்கள்: 0.1356. இரண்டையும் கூட்டினால் 0.6451. எந்தக் கோணத்துக்கு இந்தக் கொசைன் வரும்? 49.82 டிகிரி. பூமியின் மையத்திலிருந்து பார்த்தால் இரு ஊர்களுக்கும் இடையே உள்ள கோணம் அது. ஒரு டிகிரிக்கு 111.2 கி.மீ. என்று பெருக்கினால் 5,540 வந்து நிற்கும். ஹாவர்சைன் சூத்திரம் என்று கேள்விப்பட்டிருந்தால், அதுவும் இதே கணக்குதான். மிகக் குறைந்த தூரங்களில் எண்கள் பிசகாமல் இருக்க வேறு விதமாக எழுதியிருக்கிறார்கள்.

விமானிகளும் மாலுமிகளும் கிலோமீட்டரை விட்டுக் கடல் மைலைப் பிடித்துக்கொண்டிருப்பதற்கும் இங்கேதான் காரணம். ஒரு டிகிரியின் அறுபதில் ஒரு பங்கு ஒரு கடல் மைல் என்று வைத்துத்தான் அந்த அளவு பிறந்தது. கோணத்தை அறுபதால் பெருக்கினால் தூரம் கையில். இப்போது அதைச் சரியாக 1,852 மீட்டர் என்று நிர்ணயித்துவிட்டார்கள். மணிக்கு ஒரு கடல் மைல் என்பது ஒரு நாட்.

அப்படியானால் 5,555 எங்கிருந்து வந்தது? நான் மேலே போட்ட கணக்கு பூமியை 6,371 கி.மீ. ஆரமுள்ள சுத்தமான உருண்டை என்று வைத்துக்கொண்டது. உண்மையில் பூமி கொஞ்சம் சப்பை. மையத்திலிருந்து நிலநடுக்கோட்டுக்கு 6,378 கி.மீ., துருவத்துக்கு 6,357. ஜி.பி.எஸ். கருவிகள் பயன்படுத்தும் சப்பை வடிவத்தை வைத்துக் கணக்கிட்டால் இதே ஜோடிக்கு 15 கி.மீ. கூடும். இந்த வித்தியாசம் எந்த இரண்டு ஊர்களுக்கும் அரை சதவீதத்தைத் தொட்டாலே அதிகம். டிக்கெட் எடுக்கிறவர் இதை மறந்துவிடலாம்.

இந்த நேர்தூரம் சும்மா தகவலுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் தாமதமான விமானத்துக்கு இழப்பீடு தரும் 2004-ஆம் ஆண்டு விதி, 1,500 கி.மீ., 3,500 கி.மீ. என்ற எல்லைகளைப் பெருவட்ட முறையில்தான் அளக்கிறது. வழியில் ஓர் ஊரில் மாறிச் சுற்றிப் போனாலும், கிளம்பிய ஊருக்கும் கடைசியாகச் சேரும் ஊருக்கும் இடையே உள்ள நேர்தூரம்தான் கணக்கு என்று 2017-இல் ஒன்றியத்தின் நீதிமன்றமே சொல்லிவிட்டது.

ஆனால் விமானம் 5,540-ம் பறக்காது, 5,555-ம் பறக்காது. காற்று எந்தத் திசையில் வீசுகிறதோ அதற்கு எதிர்முகமாகத்தான் ஏறும். நீங்கள் போவது மேற்கே என்றாலும் கிழக்கே ஏறித் திரும்ப வேண்டியிருக்கும். பிறகு நிர்ணயித்த புள்ளிகளைத் தொட்டுத் தொட்டுப் போகும். வட அட்லாண்டிக்கில் இந்தப் பாதைகளே தினமும் மாறுகின்றன. அன்றைய காற்றைப் பார்த்து, ஒருபுறம் ஷான்விக், மறுபுறம் கேண்டர் என்ற இரு கட்டுப்பாட்டு மையங்கள் மேற்கே போக ஒரு தொகுப்பு, கிழக்கே போக ஒரு தொகுப்பு என்று தடங்களை வெளியிடுகின்றன. நேற்றுப் போன வழியில் இன்று போகும் என்று சொல்ல முடியாது.

சில இடங்களில் காற்று அல்ல, நிலமே வழி மறிக்கிறது. திபெத் பீடபூமியின் மேல் வான்வழிகள் குறைவு. விமானத்துக்குள் காற்றழுத்தம் போய்விட்டால் உடனே சுமார் 3,000 மீட்டருக்கு இறங்கியாக வேண்டும். அங்கே தரையே சராசரியாக 4,500 மீட்டருக்கு மேல் இருக்கிறது, இறங்க எங்கே இடம்? கடல் மேல் இன்னொரு சிக்கல். இரட்டை எஞ்சின் விமானம் ஓர் எஞ்சின் நின்றாலும் குறிப்பிட்ட நேரத்துக்குள் ஏதாவது ஒரு விமான நிலையத்தை எட்டும் தூரத்திலேயே பறக்க வேண்டும். சிட்னி–சாண்டியாகோ போன்ற தென்கோடி வழித்தடங்களில் பெருவட்டம் அண்டார்டிகா பக்கமாக இழுக்கும். அங்கே மாற்று விமான நிலையத்துக்கு எங்கே போவது? நான்கு எஞ்சின் விமானங்கள் இப்படிப்பட்ட வழிகளில் நெடுநாள் தாக்குப்பிடித்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

அப்புறம் அரசியல். ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோ பெருவட்டத்தில் 8,000 கிலோமீட்டருக்கும் குறைவு. சைபீரியாவின் மேல் பறந்த காலத்தில் ஒன்பதரை மணி நேரத்தில் போய்விடுவார்கள். 2022-இல் ரஷ்ய வான்வெளி ஐரோப்பிய விமானங்களுக்கு மூடப்பட்டபின் அதே பயணம் சுமார் 13 மணி நேரம். சில நாட்களில் வடதுருவத்தின் மேலேயே போகிறார்கள். இரண்டு விமான நிலையங்களும் ஓர் அங்குலம்கூட நகரவில்லை. தூரம் கேட்டால் இன்றும் பழைய எண்தான் வரும். அந்த எண்ணை ஒரு வேகத்தால் வகுத்து 'பயண நேரம்' என்று காட்டும் எந்தக் கணக்கும் இங்கே மூன்று மணி நேரத்துக்கு மேல் தவறிப்போகும்.

இதைவிட எனக்குப் பிடித்த உதாரணம் டெல்லி–சான்பிரான்சிஸ்கோ. ஏர் இந்தியா இந்த வழித்தடத்தில் முதலில் மேற்கே, அட்லாண்டிக் வழியாகப் பறந்துகொண்டிருந்தது. ஏறக்குறைய 13,900 கி.மீ. 2016 அக்டோபரில் கிழக்கே திரும்பி, பசிபிக் வழியாக 15,300 கி.மீ. பறந்தார்கள். 1,400 கி.மீ. கூடுதல். ஆனால் பதினாலரை மணி நேரத்தில் இறங்கிவிட்டார்கள், பழைய வழியைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் முன்னதாக! மேற்கே போனால் எதிர்காற்று, கிழக்கே போனால் பின்காற்று. தூரம் கூடியும் நேரம் குறைந்தது.

காற்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் டிக்கெட்டில் எட்டுக்கும் ஏழுக்கும் உள்ள வித்தியாசம் முழுக்க இதுதான். தரையிலிருந்து சுமார் 9 முதல் 12 கி.மீ. உயரத்தில், நடு அகலாங்குகளில், மேற்கிலிருந்து கிழக்கே ஜெட் ஸ்ட்ரீம் எனப்படும் காற்று ஆறுபோல் ஓடுகிறது. பயணிகள் விமானங்கள் பறப்பதும் கிட்டத்தட்ட அதே உயரம். குளிர்காலத்தில் அதன் மையத்தில் மணிக்கு 300 கி.மீ.க்கு மேல்கூடப் போகும். 1920-களிலேயே ஜப்பானின் வசாபுரோ ஓயிஷி பலூன் விட்டு இதை அளந்துவிட்டார். உலகமெல்லாம் படிக்கட்டும் என்று எஸ்பெராண்டோ மொழியில் வெளியிட்டார், அதனாலேயே உலகம் கவனிக்காமல் விட்டது!

"பூமி கிழக்கு நோக்கிச் சுற்றுகிறதே, அப்படியானால் மேற்கே போகும் விமானத்தை நோக்கி ஊர் தானாக வராதா?" என்று கேட்பவர்கள் உண்டு. வராது. பூமியோடு சேர்ந்து அதன் காற்று மண்டலமும் சுற்றுகிறது, அந்தக் காற்றில்தான் விமானம் மிதக்கிறது. நின்ற இடத்திலேயே ஒருவர் குதித்தால் அதே இடத்தில்தானே இறங்குகிறார்? பூமியின் சுழற்சிக்கு இதில் பங்கு இல்லாமல் இல்லை, ஜெட் ஸ்ட்ரீம் கிழக்கே வளைந்து ஓடுவதே அந்தச் சுழற்சியால்தான். ஆனால் பலன் நேர் எதிர்: மேற்கே போகிறவருக்குத்தான் நேரம் கூடுகிறது.

எண்ணில் பார்ப்போம். விமானம் காற்றைப் பொறுத்து மணிக்கு 900 கி.மீ. போகிறது, வழி முழுக்க 120 கி.மீ. வேகத்தில் காற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். 5,550 கி.மீ.க்கு மேற்கே போக 7 மணி 7 நிமிடம், கிழக்கே திரும்ப 5 மணி 26 நிமிடம். மொத்தம் 12 மணி 33 நிமிடம். காற்றே இல்லாவிட்டால் போகவர 12 மணி 20 நிமிடம். போகும்போது இழந்ததைத் திரும்பும்போது பிடித்துவிடலாம் என்று தோன்றும். பிடிக்க முடியாது. எதிர்காற்றில் அதிக நேரம் மாட்டிக்கொள்கிறோம், பின்காற்றைக் குறைந்த நேரமே அனுபவிக்கிறோம்.

உச்சபட்ச உதாரணம் 2020 பிப்ரவரியில் நடந்தது. ஐரோப்பாவை உலுக்கிய புயல் ஒன்றின் பலத்தில், பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 747 ஒன்று ஜே.எஃப்.கே.யிலிருந்து ஹீத்ரோவுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்து சேர்ந்தது. தரையைப் பொறுத்து அதன் வேகம் மணிக்கு 1,300 கி.மீ.யைத் தாண்டியது. ஒலியின் வேகத்தைத் தாண்டிவிட்டதா என்று அப்போது கேட்டவர்கள் பலர். இல்லை, சுற்றியிருந்த காற்றைப் பொறுத்தவரை அது வழக்கமான வேகத்தில்தான் போனது. காற்றே அதைத் தூக்கிக்கொண்டு ஓடியது.

சரி, காற்று இல்லாதபோது என்ன வேகம்? ஏ320, போயிங் 737 போன்ற சிறிய ஜெட்கள் ஒலியின் வேகத்தில் 78 சதவீதம், அதாவது மணிக்கு 830 கி.மீ. சுமார். 777, 787, ஏ350 போன்ற பெரியவை 84, 85 சதவீதம், மணிக்கு 900 கி.மீ. பக்கம். ஏடிஆர் போன்ற விசிறி விமானங்கள் 500-ஐ ஒட்டி. இந்த வேகம் மேலே ஏறி நிமிர்ந்த பிறகுதான். ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவு. 10,000 அடிக்குக் கீழே மணிக்கு 250 கடல் மைலுக்கு மேல் போகக்கூடாது என்பது பல நாடுகளில் விதி. அதனால்தான் தூரத்தை வேகத்தால் வகுத்து அரை மணி நேரம் கூட்டுவார்கள். நீங்கள் பார்த்த ஆறே முக்கால் அப்படி வந்த எண்தான்: 5,540-ஐ 890 சொச்சத்தால் வகுத்து அரை மணி சேர்த்தால் அங்கேதான் வந்து நிற்கும். திசையும் காற்றும் அதில் இல்லை.

தூரம் குறையக் குறைய இந்த அரை மணி நேரமே பயணத்தை விழுங்கிவிடும். 400 கி.மீ. போகக் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் காட்டுவதன் ரகசியம் அது. (ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுகளில் வெஸ்ட்ரே–பாப்பா வெஸ்ட்ரே விமானம் இதற்கெல்லாம் அப்பாற்பட்டது. 2.7 கி.மீ. தூரம், அட்டவணையில் இரண்டு நிமிடம், காற்று ஒத்துழைத்த ஒரு நாளில் 53 விநாடியில் முடித்த கதையும் உண்டு.)

இனி டிக்கெட்டில் இருக்கும் நேரம். அது பறக்கும் நேரமே அல்ல. வாசலை விட்டு விமானம் பின்னோக்கி நகரும் கணத்திலிருந்து, போய்ச் சேர்ந்த வாசலில் நிற்கும் கணம் வரை. பிளாக் டைம் என்பார்கள், சக்கரத்துக்கு அடியில் வைக்கும் கட்டையை எடுப்பது முதல் மறுபடி வைப்பது வரை என்று பொருள். இதற்குள் ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் நிற்பது, இறங்கியபின் மறுபடி ஊர்வது எல்லாம் அடக்கம். ஆம்ஸ்டர்டாம் ஸ்கிபோலில் போல்டர்பான் ஓடுபாதையில் இறங்கினால், அங்கிருந்து முனையத்துக்கு வரவே கால் மணி நேரம் ஆகலாம். ஹீத்ரோவில் நெரிசல் நேரத்தில் இறங்குவதற்கு முன் போவிங்டன், லாம்போர்ன், ஆக்கம், பிகின் என்ற நான்கு இடங்களில் ஒன்றில் வட்டமடிக்க விடுவார்கள்.

இவற்றையெல்லாம் சேர்த்துக் கொஞ்சம் தாராளமாகவே நிறுவனங்கள் நேரம் போடுகின்றன. காரணம் எளிது. அமெரிக்காவில் அட்டவணை நேரத்திலிருந்து 15 நிமிடத்துக்குள் வந்துவிட்டால் 'நேரத்துக்கு வந்தது' என்றே கணக்கு. கூடுதலாகப் போட்டு வைத்தால் தாமதமாகக் கிளம்பினாலும் பெயர் கெடாது. "இருபது நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டோம்" என்று விமானி அறிவிக்கும்போது நான் பெரிதாக வியப்பதில்லை. போட்டி போட்டு ஓட்டி வந்ததில்லை அது, அட்டவணையிலேயே இருந்த சேமிப்பு.

'வந்து சேர்ந்தது' என்பதற்கும் சண்டை நடந்திருக்கிறது. சக்கரம் தரையைத் தொட்டதா, வாசலில் நின்றதா, கதவு திறந்ததா? 2014-இல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்த்து வைத்தது: குறைந்தது ஒரு கதவாவது திறந்து, பயணிகள் இறங்கலாம் என்ற நிலை வந்தால்தான் வந்து சேர்ந்ததாக அர்த்தம். இழப்பீட்டுக்கான தாமதம் அதுவரை அளக்கப்படும்.

மீதமிருப்பது கடிகாரம். டிக்கெட்டில் கிளம்பும் நேரம் கிளம்பும் ஊரின் நேரம், சேரும் நேரம் சேரும் ஊரின் நேரம். ஒன்றிலிருந்து இன்னொன்றை அப்படியே கழித்து 'நியூயார்க்குக்கு மூன்றே மணி நேரம்' என்று ஏமாந்தவர்கள் நிறைய. இரண்டையும் உலகப் பொது நேரத்துக்கு மாற்றிவிட்டுக் கழியுங்கள். லண்டனும் நியூயார்க்கும் வழக்கமாக ஐந்து மணி வித்தியாசம். ஆனால் இரு நாடுகளும் கோடைக்கால நேரத்துக்கு மாறும் நாட்கள் வேறு வேறு. மார்ச்சில் சில வாரங்கள், இலையுதிர் காலத்தில் ஒரு வாரம், வித்தியாசம் நான்கு மணிதான். இந்த ஆட்டம் எங்கே போகும் என்று பார்க்க சமோவாவிலிருந்து அமெரிக்க சமோவாவுக்குப் பறக்க வேண்டும். பறப்பது அரை மணி நேரம் சொச்சம். நடுவில் தேதிக் கோடு இருப்பதால், இரு தீவுகளின் கடிகாரமும் ஒரே மணியைக் காட்டும், நாள் மட்டும் ஒன்று குறைவு. சனிக்கிழமை ஏறினால் வெள்ளிக்கிழமை இறங்கலாம்.

இப்போது உங்கள் கடைசிக் கேள்வி, நீங்களே கணக்குப் போடுவது. ஜெட் விமானமாக இருந்தால் நேர்தூரத்தை 850-ஆல் வகுத்து, முக்கால் மணி நேரம் சேருங்கள். வாசலிலிருந்து வாசல் வரையான நேரம் தோராயமாக வந்துவிடும். நடு அகலாங்குகளில் நெடுந்தூரம் மேற்கே போவதானால் வகுத்து வந்ததில் பத்தில் ஒரு பங்கைக் கூட்டுங்கள், கிழக்கே என்றால் கொஞ்சம் குறையுங்கள். வடக்கு–தெற்காகவோ நிலநடுக்கோட்டை ஒட்டியோ போனால் தொடவே வேண்டாம். லண்டன்–நியூயார்க்குக்கு 6 மணி 32 நிமிடம், அதில் பத்தில் ஒன்று 39 நிமிடம், மேலே முக்கால் மணி: எட்டுக்கு நான்கு நிமிடம் குறைவு. உங்கள் டிக்கெட் சொல்வதும் அதைத்தானே? சிங்கப்பூர்–சிட்னி சுமார் 6,300 கி.மீ., எட்டு மணி பத்து நிமிடம் வரும். அட்டவணையும் எட்டை ஒட்டித்தான் இருக்கும். ஹெல்சிங்கி–டோக்கியோவுக்கு மட்டும் இது ஒத்துவராது, காரணம் மேலே சொன்னதுதான்.

நடுவில் மாறிப் போகும் பயணம் என்றால் இந்தக் கணக்கை மொத்தத் தூரத்துக்குப் போடாதீர்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் தனியாகப் போட்டு, காத்திருக்கும் நேரத்தைச் சேருங்கள். ஊர்ப் பெயரை மட்டும் தட்டித் தேடும்போது எந்த நாட்டு ஊர் என்றும் ஒருமுறை பாருங்கள். ஆஸ்திரேலியாவின் சிட்னிக்குக் கிளம்பி, கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் இருக்கும் சிட்னியில் போய் இறங்கியவர்கள் நிஜமாகவே இருக்கிறார்கள்.